கவிழ்ந்த தோணிக்கு அடியில் சிவசக்தி

சிவசக்தி என்ற பெயரை பலீலா முதன்முதலாகக் கேட்டபோது அதற்கு முன்னால் ஒரு தூஷணச் சொல் இருந்தது. லுணுகலை பஜாரில் சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் வாங்க இறங்கி வந்து கடைவாசல்களை அடைத்துக்கொண்டு நின்ற நேரம். பலீலா கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தாள். மொஹிதீன் நானா மவுத்தான பிறகு அந்தச் சில்லறைக் கடையை அவருடைய பெண்சாதி பலீலாதான் தனியாகப் பார்த்து வந்தாள். தெருவில் ஒரு ஆண்குரல் கிழிந்துபோய்க் கத்தியது.

"தேவடியா சிவசக்தி! எங்கடி ஒளிஞ்ச? வெளிய வாடி! இன்னிக்கு ஒன்னைய கவ்வாத்து வெட்டாம போறதில்ல!"

சொன்னபடி கையில் கவ்வாத்துக் கத்தியே இருந்தது. முற்றிய தேயிலைக் கிளையை ஒரே இழுப்பில் சீவித் தள்ளுகிற, நுனி வளைந்த கத்தி. சனம் இரண்டாகப் பிரிந்து அவனுக்கு வழி விட்டது. பிடிக்க ஒருவரும் இல்லை. கசிப்புச் சாராய வாடை முன்னால் வர, அவன் நேரே பலீலாவின் கடைக்குள் ஏறினான்.

மேசைக்குப் பின்னால் வெற்றுச் சாக்குகள் குவிந்து கிடந்தன. அதில் ஒரு நுனியில் சேலைக் கரை தெரிந்ததை அவன் கண்டுவிட்டான். கத்தியை ஓங்கி இறக்கினான். சாக்கு வாயைப் பிளந்தது. மறுபடியும் இறக்கினான். சாக்கு நனைந்து கறுத்தது. அங்கே ஒரு ஆள் கிடப்பது அதுவரை பலீலாவுக்கே தெரியாது. வெட்டு விழுகிறது, உள்ளே இருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அவன் மூன்றாம் தரம் கையை ஓங்கினபோது பலீலா தராசுத் தட்டில் இருந்த படிக்கல்லை எடுத்து அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு சத்தம் போட்டது. கத்தி கருவாட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. "அடி தேவடியா" என்று திரும்பினவனின் வாயிலேயே அதே கல்லால் இன்னொன்று. பல் தெறித்துப் பருப்புச் சாக்கில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பஜாருக்கு வீரம் வந்தது. நாலா பக்கமும் இருந்து வந்தவர்கள் அவனைத் தெருவில் இழுத்துப்போட்டு மிதித்தார்கள்.

பலீலா சாக்குகளை விலக்கினாள். ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். முழங்கால்கள் மடங்கி, இரண்டு கையும் பிடரியைப் பொத்தி, முகம் தரையோடு. தோள்பட்டை பிளந்து உள்ளே வெள்ளையாய்த் தெரிந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"ஏன் புள்ள, வெட்டு விழுகுது, நீ வாயத் தொறக்காமக் கிடக்கிற? மவுத்தாப் போயிட்டாய் எண்டு நெனச்சேன்!"

"கத்துனா இன்னும் கூட வரும்ங்க" என்றாள் அவள்.

"என்னத்த கூட வரும்?"

"குளவிங்க."

ரத்தம் போய்ப் பிதற்றுகிறாள் என்று பலீலா நினைத்தாள். தன் தலையில் இருந்த முக்காட்டை உருவித் தோளைக் கட்டி, முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிதற்றல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சிவசக்தியின் அம்மா ஜெயலெட்சுமி. ஜெயலெட்சுமியின் அப்பா கந்தப்பன் கங்காணி. அந்தக் கங்காணியின் தங்கைதான் ஒரு காலத்தில் பலீலாவின் மாமியாருக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்து நாற்பது நாளும் கூட இருந்தவள். அப்படிப் பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் பழைய போக்குவரத்து உண்டு. ஜெயலெட்சுமி மடுல்சீமையில் கொழுந்து பறித்தவள். ஒருநாள் பள்ளிக்கூட விடுமுறையில் சிவசக்தி அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். பாறைக்கு மேலே இருந்த குளவிக்கூட்டைப் பருந்து அடித்தது. குளவி கலைந்தது.

மலையில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடக் கூடாது. செடிக்கு அடியில் குப்புற விழ வேண்டும். பிடரியைப் பொத்த வேண்டும். மூச்சுக் காட்டக் கூடாது. ஜெயலெட்சுமி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மகள்மேல் போட்டு, "அசையாத. நான் வந்து எடுக்கிற வரைக்கும் அசையாத" என்று சொல்லிவிட்டு, தான் எழுந்து கையைத் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டு பாதைப் பக்கம் ஓடினாள். குளவி ஓடுகிற ஆளின் பின்னால்தான் போகும். மொத்தக் கூட்டமும் அவள் பின்னால் போனது. சாக்குக்கு அடியில் கிடந்த பிள்ளைக்கு அம்மாவின் அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. கொழுந்துப் பெண்கள் வந்து சாக்கைத் தூக்கியபோது பிள்ளை உடம்பில் ஒரு கொட்டுக்கூட இல்லை. அம்மாவுக்குக் கண், மூக்கு, வாய் என்று பிரித்துச் சொல்ல முகம் இல்லை.

அன்றைக்கு உடம்பு கற்றுக்கொண்டதை சிவசக்தி பிறகு புருஷனிடம் பிரயோகித்தாள். பஜாரில் கத்தி தூக்கிய அந்த யோகராஜ் தோட்டத்து டிரக்டர் ஓட்டுகிறவன். கலியாணமான மாதத்திலேயே கை நீட்டினான். அடி விழுந்தால் அவள் லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராத் தரையில் குப்புற விழுவாள், பிடரியைப் பொத்துவாள், மூச்சுக் காட்டமாட்டாள். சத்தம் இல்லாததால் பக்கத்து லயத்துக்குக்கூட நிறையத் தெரியாது. சத்தம் இல்லாததால் அவனுக்கும் திருப்தி வரவில்லை. விறகுக் கட்டை, பெல்ட்டு, சுடுதண்ணி என்று மாற்றி மாற்றிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவள் பலீலாவின் வீட்டிலேயே தங்கினாள். யோகராஜ் உள்ளே போய்ப் பிணையில் வெளியே வந்தான். கிட்டப் போகக் கூடாது என்று நீதவான் கோட்டில் சொல்லியிருந்தார்கள். அவன் கிட்டப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றான். சிவசக்திக்குப் பண்டாரவளையில் தையல் வேலை கிடைத்தது. அங்கே கேட்டில் நின்று, வருகிற போகிற பெண்களிடம் எல்லாம் சிவசக்தியைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னான். காவல்காரனின் தலையைக் கல்லால் உடைத்தான். முதலாளி அவளைக் கூப்பிட்டு, "நீ நல்ல புள்ளதான், ஆனா வேணாம்" என்றார். அப்புத்தளையில் ஒரு விடுதியில் வேலை. அங்கேயும் கேட், அங்கேயும் அவன். ஜன்னல் கண்ணாடி போனது, வேலையும் போனது. அடுத்து எங்கே போனாலும் ஒரு கேட் இருக்கும், அதற்கு வெளியே அவன் இருப்பான் என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவனுடைய லயத்துக் காம்பரா ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் பலீலாவின் தம்பி பஸீல் லீவில் வந்தான். அவர்கள் வாப்பாவுக்குப் பிறந்தவர்களில் மற்றவர்கள் எல்லாம் கடை, இவன் ஒருவன் கப்பல். துறைமுகத்தில் வடம் அறுந்து சுழன்று இடதுகை விரல்களைக் கொண்டுபோன பிறகு, கொழும்புக்குப் பக்கத்தில் கப்பல் வேலைக்குப் போகிறவர்களைப் பழக்குகிற இடத்தில் வேலை பார்த்தான். சோறு தின்னும்போது சொன்னான்.

"பயணிகள் கப்பல்ல துணி தோய்க்கிற பக்கத்துக்குப் பொம்புளயள் எடுக்கிறாங்க ராத்தா. ஆனா உயிர்காப்புப் படகு, றப்பர் தோணி, அந்தச் சோதனை பாஸ் பண்ணோணும். அந்தத் தாள் இல்லாம ஒருத்தரையும் ஏத்தமாட்டாங்க."

சிவசக்தி ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

"கப்பலுக்கு கேட் இருக்குங்களா?"

பஸீல் சிரித்தான். "கேட்டா? ஒரு ஏணி இரிக்கி. கரைய விட்டதும் அதையும் மேல தூக்கிருவோம்."

"அப்ப நான் போறேங்க."

"இவளா?" என்றாள் பலீலா. "குளிச்சது எல்லாம் பீலில ஒழுகுற தண்ணில. இடுப்பளவு தண்ணியக் கண்டிருக்காளா?"

"பழக்கினாப் பழகும்" என்றான் பஸீல்.

ஊருக்குக் கீழே ஆற்றில் ஒரு மடு உண்டு. அங்கேதான் பழக்கம். டிரக்டர் டியூப்களைச் சேர்த்துக் கட்டி, மேலே நீலத் தறப்பாள் போர்த்தி, அதைத்தான் கப்பலில் இருக்கிற றப்பர் தோணி என்று வைத்துக்கொண்டார்கள். பஸீலின் பழைய செம்மஞ்சள் மிதவைச் சட்டை, ஒரு மரத் துடுப்பு. அந்நியப் பெண்ணோடு தம்பி தனியே ஆற்றுக்குப் போனால் பஜார் வாய் மூடாது என்று பலீலா கூடவே போய்க் கரையில் குந்தியிருந்தாள். பஸீல் லீவு போட்டுப் போட்டு வந்தான். வந்தால் வசவுதான். சிவசக்தி தண்ணி குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடியும் குதித்தாள். வாய்ப்பாடமும் உண்டு. கடையில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள்.

"கயித்த வெட்டு. கப்பல விட்டு வெலகிப் போ. கடல் நங்கூரம் போடு. வாசல மூடு. தலைய எண்ணு. மொத நாள் யாருக்கும் குடிக்கத் தண்ணி குடுக்காத."

"இந்தக் கடைசிய மட்டும் எங்கட ஊட்டுக்கு வாற விருந்தாளிக்கு முன்னுக்கு ஒப்பிச்சிராத" என்றாள் பலீலா.

சோதனைக்கும் பலீலா கூடப் போனாள், சோற்றுப் பொதியோடு. பெரிய தொட்டி, ஆழம் கறுப்பாகத் தெரிந்தது. உயர்ந்த மேடையில் இருந்து குதிக்கச் சொன்னபோது ஆண்பிள்ளைகள் தயங்கினார்கள். சிவசக்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் குதித்தாள். பிறகு கவிழ்ந்து கிடக்கிற தோணியை நிமிர்த்த வேண்டும். ஏறி நின்று பட்டியைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். சாய்ந்தால் தோணி முழுக்க நம்மேல் விழும். அப்போது மல்லாந்தபடியே, அதன் அடியைக் கையால் தள்ளித் தள்ளி வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆற்றில் டியூப் லேசு. மேலே விழுந்தாலும் தானே விலகிப் போய்விடும். இது நிஜத் தோணி, கனம்.

சாய்ந்தாள். தோணி அவள்மேல் விழுந்தது. யாரும் வெளியே வரவில்லை.

பலீலா எழுந்து நின்றாள். தண்ணீர் ஆடி அடங்கியது. அப்போதும் வரவில்லை. காவலுக்கு நின்றவன் பாய்ந்து உள்ளே போய் அவளை இழுத்து வந்தான். உதடு நீலம். குப்புற இருந்தாள். மிதவைச் சட்டை அவளைத் தோணியின் அடியோடு ஒட்டவைத்திருக்க, உடம்பை முறுக்கித் திரும்பி, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்தியிருந்தாள்.

சோதிக்க வந்த சிங்கள ஐயா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "ஏன் மகள் அப்படியே இருந்தது?"

"அது போவட்டும்னு கெடந்தேங்க."

அவருக்கு விளங்கவில்லை. அடுத்த கூட்டத்தோடு இன்னொரு தரம் வரலாம், அதிலும் இப்படியென்றால் இனி வர வேண்டாம் என்றார்.

பஸீலுக்கு அவமானம். ஆற்றுக்குத் திரும்பியதும் தறப்பாளில் ஈரச் சாக்குகளைக் கட்டிக் கனமாக்கி, சொல்லாமல் கொள்ளாமல் அவள்மேல் கவிழ்த்தான். அவள் குப்புறத் திரும்பினாள், பிடரியைப் பொத்தினாள், கிடந்தாள். தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தான். மறுபடியும் கவிழ்த்தான். மறுபடியும் கிடந்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கன்னத்தில் அறைந்துவிட்டான்.

"சாகவாடி வந்த? தண்ணி என்ன குளவியா, நீ அசையாமக் கிடந்தா ஒன்ன உட்டுட்டுப் போறதுக்கு?"

கரையில் இருந்த பலீலா முழங்கால் நோவையும் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கி, துடுப்பைப் பிடுங்கித் தம்பியின் முதுகில் ஒன்று போட்டாள். "ஒருத்தன்ட கையால பட்டது இவளுக்குப் பத்தாதா? அடிச்சுப் பழக்குறதெண்டா இவள லயத்துக்கே அனுப்பிருவமே!"

பஸீல் தலையைக் குனிந்துகொண்டான். சிவசக்தி இருமிக்கொண்டே சொன்னாள். "விடுங்க ராத்தா. மனசு அசையின்னுதான் சொல்லுது. ஒடம்பு கேக்க மாட்டேங்குது. ஒடம்பு எங்க அம்மா சொன்னதத்தான் கேக்குது."

பஸீல் வேலைக்குத் திரும்பினான். சோதனை கிட்ட வந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் தனியாகவே ஆற்றுக்குப் போனார்கள். அவள் தோணியைத் தானே தன்மேல் கவிழ்த்துக்கொள்வாள், கிடப்பாள், பலீலா கயிற்றைப் பிடித்து இழுப்பாள். அப்படி ஒருநாள் பின்னேரம் மூங்கில் புதருக்குள் இருந்து யோகராஜ் வந்தான்.

கத்தி இல்லை. குடித்தும் இருக்கவில்லை. அதுதான் பலீலாவுக்குப் பயமாக இருந்தது. இளித்தபோது பல் இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது.

"கடலுக்குப் போறியாமே சிவசக்தி? இங்கயே முங்கிப் போ."

இடுப்பளவு தண்ணீரில் நின்றவளின் கழுத்தைப் பிடித்து அமுக்கினான். கனத்த தறப்பாளோடு தோணியை இழுத்து அவள்மேல் கவிழ்த்து, அதன்மேல் மண்டியிட்டு ஏறிக்கொண்டான். பலீலா அலறிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். புறங்கையால் அவள் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் போனது. அடியில் இருந்து சத்தம் இல்லை. குமிழி இல்லை. குப்புறத் திரும்பியிருப்பாள், பிடரியைப் பொத்தியிருப்பாள், அது போகட்டும் என்று கிடப்பாள். பலீலா வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"அசைடீ!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். "கேக்குதா புள்ள? அசை!"

தறப்பாளின் ஒரு பக்கம் புடைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு புடைப்பு. அடியில் ஒரு கை நகர்ந்து நகர்ந்து வருவதை பலீலா கண்டாள். ஓரத்தில் விரல்கள் வெளியே வந்தன. பிறகு முகம் வந்தது, வானத்தைப் பார்த்தபடி.

சிவசக்தி மூச்சை இழுத்த சத்தம் கிழிகிற சீலை மாதிரி இருந்தது. துடுப்பு பக்கத்தில்தான் மிதந்தது. யோகராஜ் திரும்புவதற்குள் தாடையில் இறக்கினாள். தாடை ஒரு பக்கமாகப் போனது. அவன் தண்ணீரில் விழுந்தான், எழுந்தான், காறை எலும்பில் ஒன்று. கரையோரத்துக்குத் தவழ்ந்தான். முதுகில் ஒன்று, விலாவில் ஒன்று. அவன் இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் குப்புற விழுந்தான். அப்படிக் கிடந்தவனைக் கண்டதும் அவளுக்கு வெறி கூடினது. "அசைடா! இப்ப அசைடா!" என்று கத்திக் கத்தி அடித்தாள். அதுவரை அந்தத் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை யாரும் கேட்டதில்லை.

பலீலா பின்னால் இருந்து துடுப்பைக் கட்டிப் பிடித்தாள். "போதும் புள்ள. செத்துருவான். செத்தா நீ கப்பலுக்குப் போமாட்டாய், ஜெயிலுக்குத்தான் போவாய்."

சிவசக்தி நின்றாள். அவன் மூக்கும் வாயும் சேற்றுக்குள் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குனிந்து, நினைவிழந்தவனை எப்படித் திருப்ப வேண்டும் என்று பஸீல் சொல்லித்தந்தபடி தோளில் பிடித்து மல்லாத்திவிட்டாள். அவன் இருமினான். தாடையில் இருந்து ரத்தமும் தண்ணியும் வழிந்தன.

லயத்து ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாடைக்குக் கம்பி கட்டினார்கள். அவனுடைய அண்ணன்காரன் பொலிஸில் போய் முறைப்பாடு எழுதினான். பொலிஸில் பெயர் விழுந்தால் கப்பலுக்கு வேண்டிய நற்சான்று கிடைக்காது. சோதனை பாஸ் பண்ணினாலும் ஏணியில் ஏற முடியாது. இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சிவசக்தி வாயைத் திறப்பதற்குள் பலீலா சொன்னாள்.

"அடிச்சது நான்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வீங்கின மூக்கு, நோவெடுத்த முழங்கால். "இந்த வயசுல நீங்களா?"

"பஜார்ல போய்க் கேளுங்கோ, இவன்ட பல்லக் கழட்டினது ஆரெண்டு."

"ராத்தா, வேணாம்…" என்றாள் சிவசக்தி.

"வாய மூடு. இப்ப மட்டும் அசையாமக் கிட."

பஜாரில் கேட்டார்கள். கத்தியைக் கண்டு வழி விட்டு நின்ற அதே ஆட்கள், பலீலா அடித்ததை நாங்கள் கண்ணால் கண்டோம் என்று ஒருவருக்கு மேல் ஒருவர் சொன்னார்கள். ஆற்றங்கரைக்கு ஒருத்தன்கூட வந்திருக்கவில்லை. படிக்கல்லைக் கண்டதைத் துடுப்பென்று சொல்வதில் அவர்களுக்குக் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. யோகராஜுக்கும் பேச முடியாது, வாய் கம்பிக்குள் இருந்தது. பேச முடிந்த பிறகும், சிவசக்திதான் அடித்தாள் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. முழங்கால் நோவுக்காரி அடித்தாள் என்றாலாவது விபத்து மாதிரி இருக்கும். எந்நேரமும் காலடியில் கிடந்தவள் அடித்தாள் என்றால் லயத்தில் தலை நிமிர முடியுமா?

இரண்டாவது சோதனையில் பலீலா பார்க்கவில்லை. முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டு இருந்தாள். தோணி தண்ணீரில் அறைந்து விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஓதல் தடுமாறியது. பிறகு யாரோ காறித் துப்புகிற சத்தம், உடனே சிவசக்தியின் குரல், தொட்டி முழுக்க எதிரொலித்தது. "ஏறுங்க! ஒவ்வொருத்தரா! டேய், கழுத்தப் பிடிக்காத, கயித்தப் பிடி!"

பலீலா முக்காட்டை விலக்கினாள். தோணி நிமிர்ந்து இருந்தது. பயத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட தடித்த பையனின் கையை முறுக்கிக் கழற்றி, மிதவைச் சட்டையின் தோளில் பிடித்து உள்ளே வீசினாள். கடைசி ஆளையும் இழுத்துப் போட்ட பிறகு, வாசலை மூடும் முன்னே தலைகளைத் தமிழில் சத்தமாக எண்ணினாள். சிங்கள ஐயா பேனையை எடுத்தார். பஸீல் அந்தப் பக்கம் திரும்பி நின்று மிச்ச விரல்களால் கண்ணைத் துடைத்தான்.

யோகராஜ் மடுல்சீமையில் அதே காம்பராவில்தான் இருக்கிறான். தாடை கோணலாகவே ஒட்டியது. கஞ்சிதான் குடிக்கிறான். பலீலாவின் வழக்கு பதுளைக் கோட்டில் இன்னும் இழுபடுகிறது. தவணைக்குத் தவணை சோற்றுப் பொதியோடு பஸ் ஏறிப் போகிறாள். போகிற அன்றைக்குக் கடை பூட்டு. முழங்கால் நோகிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் குறை சொல்வாள், வேறு ஒன்றும் சொல்லமாட்டாள்.

சிவசக்தி இப்போது ஒரு பயணிகள் கப்பலில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறாள்.